பீலித் தண்ணீரைப் பரிசோதிக்க வழி சொல்லுங்கள்

அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் லயத்துக்கு ஒரே பீலிதான். மேல்மலை ஊற்றிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர்.

மழை பெய்த மறுநாள் பிடித்து வைத்தால், குடத்தின் அடியில் விரல் கனத்துக்கு மண் படிகிறது. போன மாதம் ஏழு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். வரும் வழியில் பழைய கக்கூஸ் குழி ஒன்றை ஒட்டித்தான் குழாய் போகிறது. அந்த இடத்தில் இருக்கும் பொருத்து, சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியது.

சரி, இப்போது கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். கிருமி செத்துவிடும். ஆனால் ஊற்றுக்கு மேலே தேயிலை மலை. அங்கே யூரியா போடுகிறார்கள், புல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள். உரத்திலிருந்து வரும் நைட்ரேட் கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பக்கத்து வீட்டில் இரண்டு மாதக் குழந்தைக்கு இதே தண்ணீரில்தான் பால்மா கரைக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நுவரெலியா மாவட்டத்தில் கிருமி, நைட்ரேட் இரண்டையும் எங்கே பார்க்கலாம்? எவ்வளவு செலவாகும்? போத்தலில் எப்படி எடுத்துப் போக வேண்டும்? அப்புறம், ஊற்றைச் சுற்றிக் கொங்கிறீட் கட்டி, மேலே மழைநீர் திருப்பும் கான் வெட்டிய தோட்டத்துக்காரர்கள் யாராவது இருந்தால் படம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்ய இருபது பேர் தயாராக இருக்கிறோம்.