குறுக்குத்துறை பக்கம் ஆத்தங்கரை வீடு: வாடகைக்குப் போகலாமா?

தென்காசிக்காரி:
எனக்கு பாளையங்கோட்டைக்கு மாற்றல். ஜூனில் சேரணும். திருநெல்வேலி குறுக்குத்துறை பக்கம், தாமிரபரணி ஆற்றுக்கு நடந்தே அஞ்சு நிமிஷத்தில் போகிற மாதிரி ஒரு அபார்ட்மெண்டில் கீழ்வீடும் இரண்டாவது மாடியும் காலியாக இருக்கிறது. கீழே 8,500, மேலே 10,000. லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் கீழ்வீட்டைத்தான் பார்த்தேன். புது பெயிண்ட், புதுக் கதவு, பிளக் பாயிண்ட்கூட குனியாமல் போடுகிற மாதிரி நெஞ்சு உயரத்தில் இருக்கிறது, அம்மாவுக்கு வசதி. வெள்ளம் வருமா என்று கேட்டதற்கு ஓனர் "அதெல்லாம் 92-ல வந்ததும்மா" என்று சிரிக்கிறார். அட்வான்ஸ் பத்து மாசம், கரண்டுக்கு யூனிட் 8 ரூபாய் அவர் கையிலேயே கொடுக்கணும், 11 மாச அக்ரிமெண்ட். போகலாமா?

சிந்துபூந்துறை பழைய குடித்தனம்:
அக்கா, அந்த பிளக் பாயிண்ட் உங்க அம்மாவுக்காக அங்கே ஏறினது இல்லை. தண்ணி ஏறின உயரத்துக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டின அந்த மழைதான். நாங்கள் சிந்துபூந்துறையில் ஒரு கீழ்வீட்டில் இருந்தோம். வாசலில் சாக்கு மூட்டை அடுக்கிவிட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், தண்ணி பின்னால் பாத்ரூம் ஓட்டை வழியாகக் குபுகுபுவென்று வருது. அரைமணி நேரத்தில் ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. பையனோட மார்க் ஷீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினோம். தண்ணி வடிந்த பிறகும் கரண்டு இல்லை, குழாய்த் தண்ணியும் இல்லை, ஏனென்றால் ஊருக்குத் தண்ணி ஏற்றுகிற கிணறுகளும் பம்பும் அதே ஆற்றுக்குள்தானே இருக்கு. இவ்வளவுக்கும் பிறகு காலி பண்ணும்போது சுவரெல்லாம் சேறு என்று பெயிண்ட் செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார் எங்க ஓனர்!

கல்லிடைக்காரி:
வெள்ளத்தை அவர் சொல்லிவிட்டார், நான் காசைச் சொல்கிறேன். அந்த வீட்டுக்குத் தனி மீட்டரா, பொது மீட்டரா என்று முதலில் பாருங்கள். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் இருந்தால் அது உங்களுக்குச் சேர வேண்டியது. 250 யூனிட் ஓடினால் அவருக்கு 2,000 கொடுப்பீர்கள், மின்வாரியத்துக்கு அதில் பாதிகூடப் போகாது. பில்லை நானே கட்டிக்கிறேன் என்று சொல்லுங்கள்.

அப்புறம் அட்வான்ஸ். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதாவிட்டால் மூன்று மாச வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆனால் பத்து மாசம் என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது நீங்களே ஒத்துக்கொண்டது. அக்ரிமெண்டை வாடகை அதிகாரியிடம் பதிவு பண்ணவும் சொல்லுங்கள், அந்தப் பேச்சை எடுத்தாலே சில ஓனர்கள் முகம் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

டவுன் அண்ணாச்சி:
ரொம்பப் பயமுறுத்தாதீங்கப்பா. நான் பிறந்து வளர்ந்ததே அங்கேதான். சித்திரை வெயிலில் ஊரே வேகும்போது சாயங்காலம் படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு உட்காருகிற சுகம் பெருமாள்புரத்தில் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் வராது. முருகன் கோயிலே ஆத்துக்குள்ளதான் இருக்கு. வெள்ளம் வருதென்றால் உற்சவரைத் தூக்கி மேட்டிலிருக்கிற மேலக்கோயிலில் வைத்துவிடுவோம், வடிந்ததும் கழுவிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவோம். சாமியே மாடிக்குப் போகுது, நீங்களும் மாடிக்குப் போங்க தாயி, அவ்வளவுதான் விஷயம்.

ஐப்பசி, கார்த்திகையில் இதே ஆற்றில் மேலே இருக்கிற பாபநாசம் அணை எத்தனை அடி என்று பேப்பரில் பார்த்துக்கொள்ளணும். மொத்தம் 143 அடி. 140-ஐத் தொட்டாச்சு, மழையும் விடவில்லை என்றால் வண்டியைக் கீழே நிறுத்தாதீங்க. ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணக் கூட்டத்தில் அன்றைக்கு வண்டியை வெளியே எடுக்கவே முடியாது, அது தனிக் கதை. ஓனர் பேச்சை விடுங்க, காம்பவுண்டுக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்க, அங்கே யாரும் பெயிண்ட் அடித்திருக்க மாட்டான்.

தென்காசிக்காரி:
அண்ணாச்சி, நேற்று போய்ப் பார்த்தேன். பின்சுவரில் என் தோள் உயரத்துக்குச் செம்மண் கோடு, நூல் பிடித்த மாதிரி. முக்குக்கடை அக்காவிடம் கேட்டால், கடை மேல்தட்டில் இருந்த பிஸ்கட் பாட்டில் மட்டும்தான் மிஞ்சியது என்கிறாள். ஓனரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "சரி, மாடிக்கு 500 குறைச்சுக்கிடுங்க" என்றார். அட்வான்ஸ் ஐந்து மாசத்துக்கு இறங்கினார், மூன்றுக்கு வரவில்லை. தனி மீட்டர்தான், பில் நானே கட்டுவதாகப் பேச்சு.

அம்மாவிடம் படி 38 இருக்கு என்றேன். தினம் ஆத்துல முங்கிக் குளிச்சா முட்டுவலி தானா போகும், நீ அட்வான்ஸைக் குடு என்கிறாள். குடுத்தாச்சு. அந்தப் பக்கம் தண்ணி கலக்காமல் பால் ஊற்றுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.