அப்பாவை மேட்சுக்குக் கூட்டிப்போக இவ்வளவு காசா? அவசரம், பதில் தேவை

உவர்மலைப் பொடியன்:
எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அப்பா அடுத்த மாதம் திருகோணமலையிலிருந்து விசிட் விசாவில் வருகிறார், வெளிநாடு வருவது இதுதான் முதல் தடவை. ஒரு பெரிய மேட்சை அரங்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை, வேறு எதுவும் கேட்கவில்லை. விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் இரண்டு டிக்கெட் 380க்குத் தருகிறாராம், இன்று இரவுக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். எடுக்கலாமா? தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

ஹரோ அக்கா:
எந்த நாடு என்று சொல்லவில்லையே தம்பி. லண்டன் என்று நினைத்து எழுதுகிறேன். லோர்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்துப் பக்கம் போகாதே. 2024இல் இலங்கை அங்கே டெஸ்ட் விளையாடியபோது நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அப்படியிருந்தும் 31,000 பேர் இருக்கக்கூடிய இடத்தில் ஒன்பதாயிரம் பேர்தான் வந்தார்கள், டிக்கெட் விலைதான் காரணம் என்று இங்குள்ள பத்திரிகைகளே எழுதின. அடுத்த மேட்ச் ஓவலில், அதில் நிசங்க சதம் அடித்து நம் ஆட்கள் எட்டு விக்கெட்டால் வென்றார்கள். அதைப் பார்த்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.
நான் வந்த புதிதில் ஈஸ்ட்ஹாமில் ஒரே அறையில் நாலு பெண்கள், மீற்றருக்குக் காசு போட்டால்தான் ஹீட்டர் எரியும், மேட்ச் என்ற நினைப்பே வராது. முதலில் அப்பாவுக்கு ஒரு நல்ல ஜக்கெட்டும் தடித்த காலுறையும் வாங்கு. ஊர் வெயிலில் இருந்து வருகிறவர்களுக்குக் குளிர் காலில்தான் ஏறும்.

ஸ்காபரோ நிலாவெளியான்:
கனடாவில் இருந்து சொல்கிறேன். 2026 உதைபந்து உலகக் கிண்ணத்தில் டொரொண்டோவுக்கு ஆறு மேட்ச், வீட்டு வாசலிலேயே வைத்தும் எங்களால் எட்ட முடியாத விலை. ஆட்கள் கேட்கக் கேட்க விலை ஏறுகிற முறையை இந்த முறை கொண்டு வந்தார்கள். ஃபிஃபாவின் சொந்த மறுவிற்பனைத் தளத்திலேயே விற்கிறவரிடம் 15 வீதம், வாங்குகிறவரிடம் 15 வீதம் கட்டணம். உலகம் முழுக்க ரசிகர்கள் கத்திய பிறகு, 2025 டிசம்பரில் 60 அமெரிக்க டொலருக்குக் கொஞ்ச டிக்கெட் அறிவித்தார்கள், அதுவும் அந்தந்த நாட்டுச் சங்கங்கள் வழியாகத் தீவிர ரசிகர்களுக்கு. தம்பி, நீ அவசரப்படாதே, மேட்ச் நாள் காலை வரை காத்திரு, கடைசி நேரத்தில் விலை இறங்கும்.

கிண்ணியா நானா:
காத்திருக்கச் சொல்லாதீர்கள் அண்ணா, எல்லா இடமும் அப்படி இல்லை. இங்கிலாந்தில் உதைபந்து என்றால் கதையே வேறு. தம்பி எந்த நாடு, எந்த விளையாட்டு என்றே சொல்லவில்லை, நாம் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறோம்.

உவர்மலைப் பொடியன்:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். லண்டன்தான். உதைபந்து, ஆர்சனல் கழகத்தின் சொந்த மைதானத்து மேட்ச். அப்பா இளமையில் ஊரில் மெக்கெய்சர் மைதானத்தில் இடது விங் ஆடியவர். இப்போதும் இரவு மேட்ச் என்றால் அம்மா எழும்பாமல் இருக்கச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, குசினி வாங்கில் இருந்து போனில் பார்ப்பார். இன்னொன்றும் சொல்ல வேண்டும், அந்த ஆளுக்கு 150 பவுண்ஸ் முற்பணமாக அனுப்பிவிட்டேன். மிச்சம்தான் இன்று இரவு.

பாலையூற்று மாமா:
நான் ஊரில்தான் இருக்கிறேன். 380 பவுண்ஸ் என்றால் நம் காசில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மகன். இங்கே பின்னேர மேட்ச் என்றால் சுருளில் கடலை வாங்கிக்கொண்டு கோட்டருகில் நின்று பார்ப்போம், ஆட்டக்காரன் மூச்சு வாங்குவது கேட்கும். அந்த நாட்டில் வேலை செய்கிற பொடியனுக்கே எட்டாத விலை என்றால் அந்த விளையாட்டு யாருக்கு?

ஹரோ அக்கா:
சரியாகச் சொன்னீர்கள். வாடகை, கவுன்சில் வரி, பஸ் காசு, எல்லாம் ஏறுகிறது.

கிண்ணியா நானா:
இது வெள்ளைக்காரருக்கும் வலிக்கிற விஷயம்தான் மாமா. 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 பேர் செத்தார்கள், அதை விசாரித்த நீதிபதி டெய்லர் அறிக்கை எழுதி, எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றார், அதற்கு ஆறு பவுண்ஸ் நியாயமான விலை என்றும் உதாரணம் காட்டினார். இருக்கை வந்தது, ஆறு பவுண்ஸ் வரவில்லை. 2016இல் லிவர்பூல் 77 பவுண்ஸுக்கு டிக்கெட் போடப் பார்த்தபோது, 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே போனார்கள். சில நாட்களிலேயே கழகம் பின்வாங்கியது. சேர்ந்து நின்றால் இறங்குவார்கள்.

ஸ்காபரோ நிலாவெளியான்:
இங்கே ஹொக்கி மேட்சுக்குப் போனால் கார் நிறுத்தவே தனியாக ஒரு காசு.

வெம்பிளி அண்ணா:
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள், பொடியனுக்கு இன்று இரவு கெடு. தம்பி, மிச்சக் காசு ஒரு சதமும் அனுப்பாதே. இங்கிலாந்தில் உதைபந்து டிக்கெட்டைக் கழகத்தின் அனுமதி இல்லாமல் விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த ஆள் நல்லவனாகவே இருந்தாலும் கழகம் கண்டுபிடித்தால் டிக்கெட்டை ரத்துச் செய்யும், அப்பாவோடு வாசலில் நிற்க வேண்டி வரும்.
இப்போதே செய்ய வேண்டியது: அவன் அழிப்பதற்கு முன் எல்லா மெசேஜையும், அவனுடைய கணக்கு விவரத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடு. பிறகு போனில் 159 அடி, உன் வங்கியின் மோசடிப் பிரிவுக்கு இணைப்பார்கள். அனுப்பியது பாங்க் டிரான்ஸ்ஃபரா, கார்டா?

உவர்மலைப் பொடியன்:
பாங்க் டிரான்ஸ்ஃபர் அண்ணா, போன் ஆப்பில். கார்ட் வேண்டாம் என்று அவர்தான் சொன்னார்.

வெம்பிளி அண்ணா:
அப்படிச் சொல்கிறவனிடம் எதுவும் வாங்காதே. 2024 ஒக்டோபர் 7க்குப் பிறகு, ஏமாற்றி டிரான்ஸ்ஃபர் செய்ய வைத்த காசை வங்கிகள் பெரும்பாலும் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் முதல் 100 பவுண்ஸ் வரை கழிக்க அவர்களுக்கு உரிமை உண்டு, சில வங்கிகள் கழிப்பதில்லை. உனக்கு ஐம்பதுதான் வந்தாலும் வரலாம், மனதைத் தயார்படுத்திக்கொள். இனிமேல் 100 பவுண்ஸுக்கு மேல் விலையுள்ள எதையும் கிரெடிட் கார்டில் வாங்கு, விற்றவன் ஏமாற்றினால் கார்ட் கொம்பனியும் பொறுப்பு.
டிக்கெட் விஷயம். ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானத்தில் 60,000 இருக்கை இருந்தாலும் பெரும்பகுதி, முழுப் பருவத்துக்கும் சேர்த்து வாங்கிவைத்திருக்கிற சீசன் டிக்கெட்காரர்களுடையது. கழகத்தில் உறுப்பினராகு, வர முடியாதவர்கள் திருப்பிக் கொடுக்கிற டிக்கெட் கழகத்தின் சொந்தத் தளத்தில் உறுப்பினர்களுக்கு வரும், விடியற்காலையிலும் எட்டிப் பார். பெரிய எதிரணி என்றால் ஏ பிரிவு என்று கூடின விலை, சின்ன எதிரணி என்றால் குறையும்.

ஹரோ அக்கா:
ஆர்சனல் பெண்கள் அணியும் அதே எமிரேட்ஸில்தான் லீக் ஆட்டங்கள் ஆடுகிறது, விலை எவ்வளவோ குறைவு. மகளோடு போயிருக்கிறேன், கோட்டுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது.

கிண்ணியா நானா:
லெய்ட்டன் ஓரியன்ட் கழகத்தையும் பார். கீழ் லீக்தான், ஆனால் சின்ன மைதானம், லெய்ட்டன் ஸ்டேஷனில் இருந்து நடக்கலாம். விங் ஆடினவருக்கு அங்கே இருந்து பார்த்தால் ஆட்டம் புரியும்.

உவர்மலைப் பொடியன்:
159 அடித்துக் கதைத்தேன், வங்கி முறைப்பாட்டைப் பதிந்து இலக்கம் தந்திருக்கிறது. அந்த ஆள் இப்போது போன் எடுக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன், எந்த மேட்ச் என்றாலும் பரவாயில்லை, நீயும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். முதலில் ஓரியன்ட் டிக்கெட் எடுக்கிறேன், ஆர்சனல் தளத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெம்பிளி அண்ணா:
நல்லது. வழமையாக ஐந்து வேலை நாளில் வங்கி முடிவு சொல்ல வேண்டும், மேலதிக விசாரணை என்றால் இழுபடும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கு, வங்கிகள் மீதான முறைப்பாட்டை விசாரிக்கிற நிதி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாக முறையிடலாம். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் இங்கேயே கேள், நான் எழுதித் தருகிறேன்.