தாண்டிக்குடி சொந்தங்கள் குரூப்: தார் ஜீப்பைத் தூக்கலாமா?

கண்ணன்: பழைய தார் நாளைக்கு வத்தலக்குண்டு பட்டறைக்குப் போகுது. ஓடைல அடி தட்டுதுன்னு பாடியை 2 இன்ச் தூக்கச் சொல்லியிருக்கேன். காபிப் பழம் எடுக்க ஆரம்பிக்கறதுக்குள்ள முடியணும். ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க

மல்லிகா அத்தை: அம்மா எப்படிடா ஏறுவாங்க?

பிரபு: ஃபுட்போர்டு வச்சுக்கலாம் அத்தை

செல்வம் மாமா: கண்ணா, கீழ எது தட்டுது?

கண்ணன்: ஓடை இறக்கத்துல பின் டிஃபரன்ஷியல் மாமா, பின் ஆக்ஸில்ல இருக்கற கியர் உருண்டை

செல்வம் மாமா: அப்ப பாடியைத் தூக்கி ஒண்ணும் ஆகாது. சேஸிசுக்கும், அதான் அடிச்சட்டத்துக்கும், பாடிக்கும் நடுவுல கட்டை குடுக்கறதுதான் இது. ஆக்ஸில் இருந்த இடத்துலயே இருக்கும், அதே கல்லு அதே இடத்துல தட்டும். பின்னாடி ஸ்ப்ரிங் பட்டை கூட்டினாலும் டிஃபரன்ஷியல் ஏறாது. டயர் பெருசானாத்தான் ஏறும், அதுவும் டயர் கூடற உசரத்துல பாதிதான். இப்ப டயர் சைஸ் 235/70 ஆர்16, உசரம் 735 மி.மீ. 245/75 போட்டா 774, கீழ 19 மி.மீ. கிடைக்கும். 265/75னா 804, கிடைக்கறது 34

பிரபு: அப்ப 265 😎

செல்வம் மாமா: அது ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா உரசும். அந்த இடைவெளிக்குத்தான் பாடியைத் தூக்கறது. ஆனா இழுவை 9 சதம் போயிடும், மூட்டையோட ஏத்தத்துல கிளட்ச் தாங்காது. மீட்டர் 60 காட்டறப்ப வண்டி 65ல போகும்

பெரியப்பா: ஓடைக்குச் சிமெண்ட் குழாய் போடலாம்னு பாகம் பிரிச்சதுலேர்ந்து சொல்றேன். பங்கு குடுக்க ஆள் வரல

மல்லிகா அத்தை: அண்ணே, அதை இங்க பேச வேணாம்

பெரியப்பா: வேற எங்கம்மா பேச?

ராஜி சித்தி: வளைகாப்புக்குப் பாட்டியை எந்த வண்டில கூட்டிட்டு வரீங்க? சனிக்கிழமை 9 மணிக்குள்ள வந்தாகணும்

பிரபு: சித்தி ஒரு நிமிஷம். மாமா, பட்டறைல மரக்கட்டை வச்சுத் தரேங்கறாங்க

செல்வம் மாமா: மரம் வேணவே வேணாம். நனைஞ்சா அமுங்கும், போல்ட் லூசாகி பாடி ஆடும். நைலான் இல்லாட்டி அலுமினியம். போல்ட் 8.8 கிரேடுக்குக் குறையாம, கட்டை உசரத்துக்கு நீளம் கூட்டி வாங்கணும். முந்தின நாளே டபிள்யூடி-40 அடிச்சு ஊற விடணும். துருவோட சுத்தினா பாடிக்குள்ள இருக்கற நட்டும் சேர்ந்து சுத்தும், அப்புறம் தரையைத்தான் வெட்டணும். ஒரு பக்கம் லூஸ் மட்டும் பண்ணி, மறுபக்கம் கழட்டி, ஜாக்கி மேல பலகை வச்சுத் தூக்கணும். தூக்கறப்ப ஒரு ஆள் ஸ்டியரிங் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ், கிளட்ச் ஹோஸ், எர்த் ஒயர், டீசல் ஊத்தற குழாய் எல்லாம் இழுபடுதான்னு பார்த்துட்டே இருக்கணும். ரேடியேட்டர் பாடியோட ஏறுச்சுன்னா ஃபேன் இறக்கை அதோட கவர்ல தட்டும்

கண்ணன்: கியர்?

செல்வம் மாமா: கேட்டியே, அதுதான் முக்கியம். பாடி ஏறும், லீவர் ஏறாது. ஃபோர் வீல் லீவர் தரை ஓட்டையோட விளிம்புல இடிச்சா மெதுவா இறங்கற லோ கியர் முழுசா விழாது. பாதி விழுந்த கியர் இறக்கத்துல கழண்டா வண்டி பிரேக்கை மட்டும் நம்பித்தான் இறங்கணும்

பிரியா: மாமா, ஆர்சியும் இருக்கு. கம்பெனி குடுத்த விவரம் மாறக்கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. இன்ஸ்யூரன்ஸ் கிளெய்ம்லயும் கை வைப்பாங்க

பிரபு: மலைல எல்லாரும்தான் தூக்கி ஓட்றாங்க

பிரியா: கிளெய்ம் வரப்ப அவங்க வரமாட்டாங்க

கண்ணன்: அப்ப நாளைக்குப் பட்டறை வேணாமா? அட்வான்ஸ் குடுத்தாச்சே

செல்வம் மாமா: அந்தக் காசுல டிஃபரன்ஷியலுக்குக் கீழ கல்லு படாம 6 மி.மீ. தகட்டுல தடுப்பு அடிக்கச் சொல்லு. ஆயில் வடிகட்டற போல்ட்டுக்கு ஓட்டை விடச் சொல்லு, மறந்துடுவாங்க

ராஜி சித்தி: சனிக்கிழமை வண்டி???

கண்ணன்: வந்துடும் சித்தி. தூக்காமலே

பிரபு: 265 பத்தி ஞாயித்துக்கிழமை பேசுவோம்

பெரியப்பா: குழாயையும் சேர்த்துப் பேசுங்க