உள் ஃபோல்டர் இம்போர்ட்: பைசார்மில் ஓடுது, டெர்மினலில் எரர்

வேளச்சேரி பைதான்:
வணக்கம். சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகளின் தினசரி இருப்பைக் கணக்கிட ஒரு சின்ன பைதான் ப்ராஜெக்ட். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் இருக்கு. ஃபோல்டர் பெயர்களை இங்கே தமிழில் எழுதறேன்:

ஏரிநீர்
— ஏரி
—— பொது: அலகு.பிஒய்
—— அறிக்கை: தினசரி.பிஒய்
— தரவு

அலகு ஃபைல் மில்லியன் கன அடியை டிஎம்சி (ஆயிரம் மில்லியன் கன அடி) ஆக்கும். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3645 கொடுத்தால் 3.645 வரும். அதைத் தினசரி ஃபைலில் "ஃப்ரம் ஏரி.பொது.அலகு" என்று இழுக்கிறேன். பைசார்மில் (கோடு எழுதும் ஆப்) ரன் அழுத்தினால் சரியா வருது. டெர்மினலில் அறிக்கை ஃபோல்டருக்குள் போய் ஓட்டினால் "நோ மாட்யூல் நேம்ட் ஏரி". "ஏரி"க்குப் பதிலா ரெண்டு புள்ளி (ஒரு ஃபோல்டர் மேலே என்று அர்த்தம்) வைத்துப் பார்த்தேன், "நோ நோன் பேரண்ட் பேக்கேஜ்" என்கிறது. இனிட் ஃபைல் (ஃபோல்டரை பேக்கேஜ், அதாவது இம்போர்ட் பண்ணக்கூடிய தொகுப்பு, என்று பைதானுக்குச் சொல்வது) எல்லா ஃபோல்டரிலும் இருக்கு. தினமும் காலையில் கிரானில் (குறித்த நேரத்தில் தானா ஓட்டும் வசதி) ஓடணும், உதவுங்க.

அம்பத்தூர் பேக்எண்ட்:
தினசரி ஃபைலின் தலையில் சிஸ்.பாத்.அப்பெண்ட் போட்டு, பைதான் மாட்யூலைத் தேடும் இடங்களின் பட்டியலில் வெளி ஃபோல்டரைச் சேருங்க ப்ரோ. உடனே ஓடும்.

டெர்மினல் அக்கா:
ஓடும், ஆனா வேண்டாம் தம்பி. ஒவ்வொரு ஃபைலிலும் அதே வரியை ஒட்ட வேண்டி வரும், ஃபோல்டரை நகர்த்தினா எல்லாம் உடையும்.

உங்க இம்போர்ட் வரியில் தப்பே இல்லை. ஓட்டற விதம்தான் சிக்கல். ஒரு ஃபைலை நேரடியா ஓட்டினா, அந்த ஃபைல் இருக்கிற ஃபோல்டரைத்தான் பைதான் சிஸ்.பாத்தில் முதலில் வைக்கும். நீங்க எங்கே நின்னு ஓட்டறீங்கன்னு பார்க்காது. அதனால அது அறிக்கைக்குள்ளேதான் "ஏரி"யைத் தேடுது. சிஸ்.பாத்[0]-ஐ பிரிண்ட் பண்ணுங்க, கண்ணால பார்க்கலாம். பைசார்ம் ப்ராஜெக்டின் வெளி ஃபோல்டரைத் தானாவே பைதான்பாத்தில் (அதே தேடல் பட்டியலுக்குப் போகும் அமைப்பு) சேர்த்துடும், அதான் அங்கே மட்டும் ஓடுது.

ரெண்டு புள்ளி ஏன் விழுந்தது? நேரடியா ஓட்டின ஃபைலுக்குப் பெயர் "மெயின்" ஆயிடும், எந்த பேக்கேஜைச் சேர்ந்ததுன்னு அதுக்குத் தெரியாது. மேலே போக வழியில்லை. இனிட் ஃபைல் இருந்தாலும் இந்த ரெண்டு எரரும் வரும். பைதான் 3.3 வெர்ஷனில் இருந்து இனிட் இல்லாமலே ஃபோல்டரை இம்போர்ட் பண்ண முடியும்.

ஏரிநீர் ஃபோல்டரில் நின்னுக்கிட்டு இதை அடிங்க:
பைதான் -எம் ஏரி.அறிக்கை.தினசரி
சாய்கோடு கிடையாது, புள்ளிதான். கடைசியில் .பிஒய் போடக் கூடாது.

வேளச்சேரி பைதான்:
ஓடிடுச்சு அக்கா! ரெண்டு புள்ளி வரியும் வேலை செய்யுது. ஆனா வேற ஃபோல்டரில் இருந்து அடித்தால் மறுபடி அதே எரர்.

டெர்மினல் அக்கா:
-எம் போட்டா, நீங்க நிக்கிற ஃபோல்டர்தான் முதலில் வரும். எங்கிருந்தும் ஓடணும்னா இன்ஸ்டால் பண்ணிடுங்க. ஏரிநீரில் பைப்ராஜெக்ட்.டாம்ல் என்ற அமைப்பு ஃபைலை வைத்து, ப்ராஜெக்ட் பகுதியில் பெயரும் வெர்ஷனும் எழுதி, வென்வ் (ப்ராஜெக்டுக்கான தனி பைதான் சூழல்) ஆன் பண்ணி "பிப் இன்ஸ்டால் -இ ." கொடுங்க. பைதான் ஃபைலில் எழுதினதை மாற்றினா திரும்ப இன்ஸ்டால் தேவையில்லை.

வேளச்சேரி பைதான்:
"மல்டிபிள் டாப்-லெவல் பேக்கேஜஸ்" என்று நின்னுடுச்சு.

டெர்மினல் அக்கா:
தரவு ஃபோல்டரையும் பேக்கேஜ்னு செட்டப்டூல்ஸ் (இன்ஸ்டாலுக்கு பேக்கேஜைக் கட்டும் கருவி) நினைச்சுக்குது. எஸ்ஆர்சி என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, ஏரியை மட்டும் அதுக்குள்ளே நகர்த்தி மறுபடி இன்ஸ்டால் கொடுங்க.

வேளச்சேரி பைதான்:
சரியாயிடுச்சு, எந்த ஃபோல்டரில் இருந்தும் ஓடுது. ரொம்ப நன்றி அக்கா. கிரானுக்குத் தனியா ஏதாவது செய்யணுமா?

அம்பத்தூர் பேக்எண்ட்:
வெறும் "பைதான்" என்று எழுதாம, வென்வுக்குள்ளே இருக்கிற பைதானின் முழு பாத் கொடுங்க ப்ரோ. கிரான் உங்க ஹோம் ஃபோல்டரில் இருந்துதான் ஓடும். தரவு ஃபைல்களை வெறும் "தரவு/" என்று திறந்திருந்தா அங்கே கிடைக்காது, வரியின் தொடக்கத்தில் ஏரிநீருக்கு ஒரு சிடி (ஃபோல்டருக்குள் போகும் கட்டளை) போட்டுடுங்க.