துணியின் நிற ஷேடு மாறியது தெரிந்தும் யாரும் சொல்லவில்லை. தப்பு எங்கே?

பனியன் யூனிட்:
வணக்கம்ங்க. திருப்பூரில் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். 18 பேரோடு ஆரம்பித்தது, இப்போது 60 பேர். போன மாதம் ஒரு டி-சர்ட் ஆர்டரில், டையிங்கிலிருந்து இரண்டு லாட்டாக, தனித்தனியாகச் சாயம் ஏற்றி வந்த துணியைக் கலந்து வெட்டிவிட்டார்கள். உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு. பேக்கிங்கில் நான் பார்த்தபோது 1,800 பீஸ் முடிந்திருந்தது. மறுபடி துணி போட்டு, கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் அனுப்பினேன். லாபம் மொத்தமும் அதிலேயே போய்விட்டது.

பணத்தைவிட வேறொன்று உறுத்துகிறது. கட்டிங் ஹெல்பர் பையன் முதல் நாளே பார்த்திருக்கிறான். சூப்பர்வைசருக்கும் தெரியும். ஏன் சொல்லவில்லை என்றால் தலையைக் குனிகிறார்கள். எல்லோரும் வேலை தெரிந்தவர்கள். அப்படியென்றால் கோளாறு என் நிர்வாகத்தில்தானே?

பழைய புரொடக்‌ஷன் மேனேஜர்:
தம்பி, கடைசியாக ஒருவர் தப்பைக் கொண்டுவந்து காட்டியபோது உங்கள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன? சூப்பர்வைசருக்கு வேலை சொல்வது நீங்கள் ஒருவர்தானா?

1986-ல் சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 நொடியில் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள். இந்தக் குளிரில் ராக்கெட் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் தாங்காது, ஏவ வேண்டாம் என்று முந்தின இரவே, ராக்கெட் செய்து கொடுத்த கம்பெனியின் எஞ்சினியர்கள் மன்றாடினார்கள். அந்தக் கம்பெனி மேலதிகாரிகளே அதைத் தள்ளிவிட்டு ஒப்புதல் கொடுத்தார்கள். ஏவும் முடிவை எடுத்த நாசா தலைகளுக்கு அந்தப் பேச்சு போகவே இல்லை. உங்கள் பையன் சொல்லியிருந்தாலும் உங்கள் காதுக்கு வந்திருக்குமா?

செக்கிங் அக்கா:
அண்ணா, நான் 11 வருஷம் செக்கிங்கில் இருந்தவள். உங்கள் கட்டிங் பீஸ் ரேட்டா, வெட்டின பீஸுக்கு மட்டும்தான் கூலியா? அப்படியானால் துணி மாற்றி வரும்வரை மேஜையில் இருப்பவர்கள் எல்லோரும் கூலியில்லாமல் உட்கார வேண்டும். பையன் வாய் திறந்தால் கட்டிங் மாஸ்டர் கூலியிலேயே கை வைத்த மாதிரி. அவன் எப்படிச் சொல்வான்? நின்ற நேரத்துக்கு ஷிப்ட் கணக்கில் சம்பளம் போடுங்கள்.

பனியன் யூனிட்:
ஐயா, பதில் எழுதவே கூச்சமாக இருக்கிறது. தீபாவளி சமயத்தில் ஒடிந்த ஊசி பீஸில் சிக்கியிருந்ததை ஒரு அம்மா கொண்டுவந்து காட்டினார். "இத்தனை நேரம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அப்புறம், நான் தரம் பார்ப்பேன், மச்சான் டெலிவரி தேதி பார்ப்பான். அன்றைக்கு மச்சான், "இன்னிக்குள்ள வெட்டி முடி" என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறான். இனி வேலை சொல்வது ஒரு ஆள்தான்.

அக்கா, பீஸ் ரேட்தான். இது என் புத்தியில் ஏறவே இல்லை. சனிக்கிழமை சம்பளம் போடும்போது சொல்லிவிடுகிறேன்.

செக்கிங் அக்கா:
வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் அண்ணா. முதல் தடவை மேஜை நிற்கிறபோது அந்தக் கூலியை எல்லோரும் கையில் வாங்கிப் பார்க்கட்டும். அதற்கு முன்னால் அந்த ஊசி அம்மாவிடம் போய்ப் பேசுங்கள். அதுவும் எல்லோர் முன்னாலும்.