சிபாப் மாஸ்க் மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். நாங்கள் கல்லடியில் இருக்கிறோம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் அப்பா சிபாப் மெஷின் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷின்) போட்டுத்தான் படுக்கிறார். மூக்கு மாஸ்க்கில் அழுத்தம் 9 போதுமாக இருந்தது. வாயால் காற்றுப் போகிறதென்று, வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்குக்கு மாறினோம். இப்போது அழுத்தம் 13 வரை ஏறுகிறது. மணிக்கு 3 தரம் நின்ற மூச்சு 11 தரம் நிற்கிறது. பெரிய மாஸ்க் நாடியை, அதாவது கீழ்த்தாடையை, பின்னுக்குத் தள்ளினால் நாக்கும் பின்னே போய்த் தொண்டை ஒடுங்குமாம். கண்ணுக்குள்ளும் காற்று அடிக்கிறது, பாவம், சிவந்த கண்ணோடுதான் எழும்புகிறார்.

மூக்கு மாஸ்க்கோடு நாடியைத் தூக்கிக் கட்டும் பட்டி பாவித்தவர்கள் உண்டா? வாய்க் கசிவு நின்றதா? மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் முகத்தில் வைத்து அளவு பார்த்து மாஸ்க் வாங்கக்கூடிய இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். கிளினிக் அடுத்த மாதம்தான். டாக்டரைக் கேட்காமல் அழுத்தத்தில் கை வைக்க மாட்டோம்.