டாக்கிங்கில் லிகண்ட் புரதத்தின் வாலில் போய் ஒட்டுகிறது, எங்கே தப்பு?

திருச்சி_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்ட். புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தில் 220-ஆவது இடத்து டைரோசின் சிஸ்டீனாக மாறும் திரிபை எடுத்திருக்கிறேன். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்பாஃபோல்டின் தரவுத்தளத்திலிருந்து 393 அமினோ அமிலமும் உள்ள முழு மாடலை இறக்கினேன். திரிபுக்குத் தனியாக, ஆல்பாஃபோல்டை இணையத்தில் ஓட்டும் கோலாப்ஃபோல்டில் ஒன்று ஓட்டினேன்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். முதலாவது, இயல்பான மாடலையும் திரிபு மாடலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் நடுப்பகுதி அச்சு அசலாகப் பொருந்துகிறது. அப்படியென்றால் இந்தத் திரிபு புரதத்தை எப்படிக் கெடுக்கிறது?

இரண்டாவதுதான் பெரிய குழப்பம். லிகண்ட், அதாவது சிறு மூலக்கூறு, புரதத்தில் எங்கே ஒட்டும் என்று கணிப்பதுதான் டாக்கிங். அதற்கான ஆட்டோடாக் வினா மென்பொருளில் முழுப் புரதத்தையும் மூடும்படி தேடும் பாக்ஸ் வைத்து ஓட்டினேன். லிகண்ட் முன்வாலில் (புரதச் சங்கிலியின் தொடக்கப் பகுதி) ஒரு மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்கோர் -8.9 (எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்ல ஒட்டல்). வடிவத்தைப் படமாகக் காட்டும் பைமாலில் பி-ஃபேக்டர்படி நிறம் போட்டால் அந்த வால் முழுக்க நீலம். பி-ஃபேக்டர் குறைவு என்றால் அசையாத பகுதி என்றுதானே படித்தோம்? ஆனால் பார்க்க நூடுல்ஸ் மாதிரி கிடக்கிறது. வெள்ளிக்கிழமை ரிவ்யூ, கைடிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தயவுசெய்து உதவுங்கள்.

படிகக்காரர்

உங்கள் கண் சொன்னதுதான் சரி. நிறம் தலைகீழாகக் காட்டியிருக்கிறது.

படிகத்திலிருந்து எடுத்த கோப்பில் ஒரு நெடுவரிசையில் பி-ஃபேக்டர் இருக்கும், எண் கூடினால் ஆட்டம் கூடுதல். ஆல்பாஃபோல்டு கோப்பில் அதே நெடுவரிசையில் பி.எல்.டி.டி.டி. என்ற நம்பிக்கை மதிப்பெண் இருக்கிறது, 100-க்கு இவ்வளவு என்று. இங்கே எண் கூடினால்தான் நல்லது. 90-க்கு மேல் மிக நம்பகம், 70-க்கு மேல் சரி, 50-க்குக் கீழே போனால் அந்த வடிவத்தை வடிவம் என்றே எடுத்துக்கொள்ளக் கூடாது. பைமால் எண்ணை மட்டும் பார்த்துக் குறைந்ததற்கு நீலம் அடித்துவிட்டது. தரவுத்தளப் பக்கத்திலேயே போய்ப் பாருங்கள், அதே வால் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். அந்த வாலை மட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தில் போடுங்கள். புள்ளிகள் தடைசெய்த பகுதியிலெல்லாம் சிதறிக் கிடக்கும். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் உடன் இருந்தவர்களும் போட்ட கணக்கு அது. எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கும் என்பதை இன்றைக்கும் அதை வைத்துத்தான் பார்க்கிறோம். 20 கோடிக்கு மேல் மாடல் குவிந்திருக்கும் இந்தக் காலத்தில் அதன் மேல் எனக்கு மரியாதை கூடித்தான் இருக்கிறது.

திரிபு விஷயம். டைரோசினின் பெரிய வளையம் இருந்த இடத்தில் சின்னச் சிஸ்டீன் வந்தால் புரதத்தின் மேற்பரப்பில் ஒரு குழி விழுகிறது. நிலைப்புத்தன்மை மோலுக்குச் சுமார் 4 கிலோகலோரி குறைகிறது. பி53 ஏற்கெனவே உடல் வெப்பத்தில் தள்ளாடும் புரதம், இந்த அடியில் அவிழ்ந்துபோகிறது. வடிவம் மாறுவதில்லை, நிற்கும் தெம்புதான் போகிறது. ஆல்பாஃபோல்டு தருவது மடிந்த நிலையின் வடிவம் மட்டும். ஒற்றைத் திரிபின் விளைவை அதனிடம் கேட்கக் கூடாது.

ஆகவே மாடலை விடுங்கள். சோதனையில் கண்ட புரத அமைப்புகளின் தரவுத்தளமான பி.டி.பி.யில் 2வியூகே (2VUK) என்ற கோப்பை எடுங்கள். இதே திரிபு, அந்தக் குழிக்குள் ஃபைகான்083 என்ற மூலக்கூறு உட்கார்ந்திருக்கும் படிக அமைப்பு. முதலில் அந்த மூலக்கூறை வெளியே எடுத்துத் திரும்ப டாக் செய்யுங்கள். பழைய இடத்துக்கே வந்தால்தான் உங்கள் செட்டிங் சரி. அப்புறம் உங்கள் லிகண்ட். பாக்ஸ் குழியைச் சுற்றி மட்டும் போதும்.

மதுரை_மூலக்கூறு

சார் சொன்னதோடு ஒன்று. ஆல்பாஃபோல்டு தரவுத்தள மாடலில் ஜிங்க் அயனி கிடையாது. பி53-இன் நடுப்பகுதியில் 176, 238, 242 சிஸ்டீன்களும் 179 ஹிஸ்டிடினும் ஒரு ஜிங்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மாடலில் அந்த நாலும் சரியான இடத்தில் நிற்கும், நடுவில் வெறுமை. 2024-இல் வந்த ஆல்பாஃபோல்டு 3 சர்வரில் ஜிங்க்கையும் சேர்த்துக் கொடுக்கலாம். படிகக் கோப்பிலும் தண்ணீரை நீக்கும்போது ஜிங்க்கையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை அப்படி அழித்துவிட்டு இரண்டு வாரம் வீணாக்கினேன்.

வாலைக் குப்பை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது எனக்கு மனசு கேட்காது. தனியாக இருக்கும்போது அதற்கு நிலையான வடிவம் இல்லை, அவ்வளவுதான். எம்.டி.எம்.2 என்ற புரதத்தின் பள்ளத்தில் போய் உட்காரும்போது அதே வாலின் ஒரு துண்டு ஹெலிக்ஸாகச் சுருளும். 19, 23, 26 ஆகிய மூன்று இடங்களும் உள்ளே இறங்கும். பி.டி.பி.யில் 1ஒய்சிஆர் (1YCR) கோப்பைத் திறந்து பாருங்கள், அழகு. பி53-ஐ அழிக்க எம்.டி.எம்.2 பிடிக்கும் பிடி அது. அந்தப் பிடியை விடுவிக்கத்தான் நட்லின் வகை மருந்துகளை உருவாக்கினார்கள்.

திருச்சி_மாணவி

சார், அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தரவுத்தளப் பக்கத்தில் வால் ஆரஞ்சேதான். ஃபைகான்083 திரும்ப டாக் செய்ததில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, 1.1 ஆங்ஸ்ட்ராம்தான் விலகல். என் லிகண்டும் குழிக்குள் போகிறது, ஆனால் ஸ்கோர் -6.2 ஆகப் பலவீனமாகிவிட்டது. இதை ரிவ்யூவில் காட்டலாமா? கோப்பில் வேறு நாலு திரிபுகளும் தெரிகின்றன, அது ஏன்?

படிகக்காரர்

தாராளமாகக் காட்டுங்கள். -8.9 இல்லாத ஒரு மடிப்பில் கிடைத்த எண், -6.2 உண்மையான குழியில் கிடைத்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள். அந்த நாலும் புரதத்தைப் படிகமாக்கத் தாங்கும்படி வேண்டுமென்றே போட்டவை: 133, 203, 239, 268. செய்முறைப் பகுதியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். சங்கிலிகளில் லிகண்ட் இருக்கிற ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.